டயலுக்கு ஒரு பூட்டு

ஸ்வீடனில் ஒரு கிராமத்து ரோடு. வருஷம் 1910. ஒரு கார் வந்து ஓரமாக நிற்கிறது. இறங்குகிற தம்பதி, தூண்டில் மாதிரி இருக்கும் இரண்டு நீளக் கம்புகளை வெளியே எடுக்கிறார்கள். கம்பு நுனியில் கொக்கி. அதை ரோட்டோரம் போகிற டெலிபோன் கம்பிகள் மேல் மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் லைனில் வருவார். அப்புறம் பேசவேண்டியதுதான்! (நம்மூரில் கரன்ட் கம்பியில் கொக்கி போடுகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

அந்த மனிதர் பெயர் லார்ஸ் மாக்னஸ் எரிக்சன். ஆமாம், எரிக்சன் கம்பெனியை ஆரம்பித்த அதே எரிக்சன். கூட நின்றது மனைவி ஹில்டா. உலகத்தின் முதல் கார் போன் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. பின்னால் வந்த கார் போன்கள் எதிலும் இல்லாத ஒரு விசேஷம் இதில் இருந்தது. வண்டியை நிறுத்தாமல் பேசவே முடியாது!

வண்டி ஓட்டிக்கொண்டே செல்போன் பேசினால் ஆபத்து. இதை ஏதோ சமீபத்தில் கண்டுபிடித்த விஷயம் என்றுதான் நம்மில் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செல்போனே பிறப்பதற்கு முன்னாலேயே, அதைப் பிறப்பித்த ஆசாமியே, இது ஆபத்து என்று அரசாங்கக் கமிஷன் முன்னால் சாட்சி சொல்லியிருக்கிறார் தெரியுமா? அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் ரேடியோ கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சிகாகோவில் பால் கால்வின் என்றொரு வியாபாரி. பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்காவே படுத்துக் கிடந்த 1930. ரேடியோவைக் காருக்குள் பொருத்தி விற்றால் என்ன என்று யோசித்தார். அட்லான்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே ஸ்டால் போடக் கையில் காசில்லை. மனுஷர் அசரவில்லை. காரை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ரேடியோவை அலறவிட்டார். கூட்டம் கூடிவிட்டது! மோட்டார் காரில் பாடுகிற பெட்டிக்கு, ‘விக்ட்ரோலா’ கிராமபோன் பாணியில் ஒரு பெயரும் வைத்தார். மோட்டோரோலா.

உடனே எதிர்ப்பும் கிளம்பியது. ஸ்டேஷன் மாற்றுவதற்காகக் குனிந்தால் ரோட்டை யார் பார்ப்பது? பாட்டு கேட்டு டிரைவர் தூங்கிவிட்டால்? மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் செயின்ட் லூயிஸ் நகரத்திலும் கார் ரேடியோவுக்குத் தடை போடவேண்டும் என்றே யோசனைகள் வந்தன. 1934-ல் நியூயார்க் ஆட்டோ கிளப் நடத்திய கருத்துக்கணிப்பில் 56 சதவிகிதம் பேர் இதை ஆபத்தான கவனச்சிதறல் என்றார்கள். ரேடியோக்காரர்கள் பதில் வைத்திருந்தார்கள். தூக்கம் வந்தால் பாட்டுத்தானே எழுப்பிவிடும்? மழை, பனி என்று ரேடியோதானே எச்சரிக்கும்?

ஜெயித்தது ரேடியோ. இன்று பார்த்தால் அது அவ்வளவு பெரிய வில்லனும் இல்லை. காரணம் எளிமையானது. ரேடியோ நம்மிடம் பதில் கேட்பதில்லை.

பதில் கேட்கும் பெட்டி 1946-ல் வந்தது. ஜூன் 17-ம் தேதி, ஓடுகிற காரிலிருந்து சாதாரண டெலிபோனுக்குப் பேசும் சேவையை அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். எந்த ஊரில் என்கிறீர்கள்? ரேடியோவுக்குத் தடை போட யோசித்த அதே செயின்ட் லூயிஸ்! கருவியின் எடை சுமார் 36 கிலோ. டிக்கியில்தான் வைக்கவேண்டும். ஆபரேட்டர் மூலமாகத்தான் இணைப்பு. பட்டனை அழுத்திக்கொண்டு பேசணும், விட்டுவிட்டுக் கேட்கணும். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் மூன்றே பேர்தான் பேசமுடியும் என்பதால் ஆபத்தும் அந்த அளவுதான் இருந்தது.

இப்போது சாட்சி சொன்னவரிடம் வருவோம்.

மார்ட்டின் கூப்பர், மோட்டோரோலா எஞ்சினீயர். 1960-களின் ஆரம்பத்தில் மிச்சிகன் மாநிலக் கமிஷன் ஒன்று அவரைக் கூப்பிட்டு, கார் போனால் வரும் ஆபத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டது. கண் ரோட்டில் இருக்கணும், கை ஸ்டீயரிங்கில் இருக்கணும், இது பொதுப்புத்தி என்பது அவர் கட்சி. வண்டி ஓடும்போது நம்பரைச் சுழற்றவே முடியாதபடி டயலுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்று சொன்னதாகப் பிற்பாடு அவரே நினைவுகூர்ந்தார்.

அந்தப் பூட்டு வரவே இல்லை.

இதே கூப்பர்தான் 1973 ஏப்ரல் 3-ம் தேதி நியூயார்க் நடைபாதையில் நின்று, உலகின் முதல் கையடக்க செல்போனில் பேசியவர். போன் போட்டது யாருக்கு? போட்டிக் கம்பெனியான பெல் லேப்ஸில் இதே ஆராய்ச்சியில் இருந்த ஜோயல் எங்கலுக்கு! (குசும்பு கொஞ்சம் ஜாஸ்திதான்.) செல்போன் என்றால் காரில் பொருத்துவது என்பதுதான் பெல் கூடாரத்தின் கணக்கு. போன் காருக்கு எதற்கு, மனுஷனுக்குத்தானே வேண்டும் என்றார் கூப்பர். ஆனால் 1983 அக்டோபரில் சிகாகோவில் வணிகரீதியாக செல்போன் சேவை தொடங்கியபோது, ஆரம்பவிழா அழைப்பு போனது காருக்குள்ளிருந்துதான்! ஜெர்மனியில் இருந்த கிரஹாம் பெல் வாரிசு ஒருவருடன் பேசினார்கள். டிராஃபிக்கில் வீணாகும் நேரத்தைக் காசாக்கலாம் என்பதுதான் அன்றைய விற்பனை மந்திரம். வண்டி ஓட்டும்போது பேசாதே என்று சொன்னால் வியாபாரம் என்னாவது?

யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1969-லேயே இங்கிலாந்தில் ஐவன் பிரவுன் என்ற உளவியல் ஆய்வாளரும் சகாக்களும் 24 டிரைவர்களை வைத்துப் பரீட்சை நடத்தியிருந்தார்கள். எதிரே இருக்கும் இடைவெளியில் நம் கார் நுழையுமா, நுழையாதா? டெலிபோனில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இதைத் தீர்மானிக்க வேண்டும். ஸ்டீயரிங் பிடிப்பதில் பெரிய தடுமாற்றம் இல்லை. கை பழகிவிட்டது, அது தன்பாட்டுக்கு வேலை செய்தது. கெட்டுப்போனது கணிப்பு. நுழையவே முடியாத சந்தில் நுழையப் பார்த்தார்கள்!

1997-ல் டொரன்டோவிலிருந்து வந்த ஆராய்ச்சிதான் உலகத்தை உலுக்கியது. ரெடல்மேயர் ஒரு டாக்டர். டிப்ஷிரானி புள்ளியியல் நிபுணர். விபத்தில் மாட்டிய, செல்போன் வைத்திருந்த 699 டிரைவர்களின் போன் பில்களை வாங்கி, 26,798 அழைப்புகளை அலசினார்கள். விபத்து நடந்த நேரத்துக்குச் சற்று முன்னால் பேசினாரா? அதே ஆள், முதல் நாள் அதே நேரத்தில் பேசினாரா? அந்த ஆளை அவருடனேயே ஒப்பிட்டதால் ‘அவன் மோசமான டிரைவர்ப்பா’ என்று தள்ளிவிடமுடியாது. முடிவு? போன் பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு. போதையில் சட்ட வரம்பைத் தொட்டுக்கொண்டு ஓட்டுகிறவரின் ஆபத்துக்குச் சமம் என்றார்கள். கையில் பிடிக்காமல் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ போன் பாதுகாப்பானது என்பதற்கும் அவர்கள் கணக்கில் ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொரு தகவலும் அதில் உண்டு. மோதியபிறகு 39 சதவிகிதம் பேர் அவசர உதவிக்கு அதே போனில்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏன், பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் 2008-ல் இதையும் சோதித்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் கண் இருக்கிறதே! நெரிசல் வந்தால் அவர் பேச்சைக் குறைப்பார். ‘லாரி வருது, பார்த்து’ என்பார். போனில் இருக்கும் ஆளுக்கு நாம் ஓவர்டேக் செய்வது தெரியாது. ‘ஹலோ, லைன்ல இருக்கியா?’ என்பார்.

ஆக, கோளாறு கையில் மட்டும் இல்லை, மண்டைக்குள்ளும் இருந்தது. சட்டங்கள் பெரும்பாலும் கையைத்தான் பிடித்தன. 2001-ல் நியூயார்க் மாநிலம், 2003 டிசம்பரில் பிரிட்டன், இரண்டுமே கையில் பிடித்துப் பேசுவதைத்தான் தடுத்தன. 2019-ல் நம் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதும் கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவி என்றுதான் எழுதினார்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகும் நம்மூர் ஆசாமி, கை காலியாகத்தான் இருக்கிறது என்று வாதாடினாலும் ஆச்சரியமில்லை.

இதில் எனக்கு ஜீரணிக்கவே முடியாத அத்தியாயம் 2003-ல் நடந்தது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது சாலையில் மனுஷர்கள் சாகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே இருக்கும் அரசாங்க அமைப்பு, செல்போன் பற்றிய ஆராய்ச்சிகளை நூற்றுக்கணக்கான பக்கங்களில் திரட்டியது. 2002-ம் வருஷத்தில் மட்டும் ஓட்டுநர்கள் செல்போன் பேசியதால் சுமார் 955 சாவுகள், 2 லட்சத்து 40 ஆயிரம் விபத்துகள் என்று அதன் ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள். பத்தாயிரம் டிரைவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தவும் யோசனை சொன்னார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீ சட்டம் மட்டும் போட்டால் பிரச்னை தீராது என்று எல்லா மாநில கவர்னர்களுக்கும் அனுப்ப, போக்குவரத்து அமைச்சர் நார்மன் மினேட்டா பெயரில் ஒரு கடிதமும் தயாரானது.

கடிதம் போகவில்லை. ஆய்வு நடக்கவில்லை. காகிதங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. மாநிலங்களிடம் போய் லாபி செய்யாதே, தகவல் சேகரிப்பதோடு நிறுத்திக்கொள் என்று காங்கிரஸ் ஏற்கெனவே எச்சரித்திருந்ததாம். பட்ஜெட் தருகிறவர்களைப் பகைத்துக்கொள்ள முடியுமா? 2009 ஜூலையில், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு பொதுநல அமைப்புகள் அவற்றை வெளியே இழுத்தன. நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. நடுவில் ஆறு வருஷம். அதே ஆறு வருஷத்தில்தான் எஸ்.எம்.எஸ். வெள்ளமாகப் பெருகியது. ஐபோன் வந்தது. காதுக்குப் போயிருந்த போன் கண்ணுக்கும் விரலுக்கும் வந்து சேர்ந்தது. 2008 செப்டம்பர் 12-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு பயணிகள் ரயில், சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் சரக்கு ரயிலில் மோதியது. 25 பேர் பலி. ரயில் டிரைவர் கடைசி எஸ்.எம்.எஸ். அனுப்பியது மோதலுக்கு 22 செகண்டுகளுக்கு முன்னால்.

கூப்பர் கேட்ட பூட்டு என்னாயிற்று?

வண்டி ஓட்டுபவரின் போனைப் பூட்டும் தொழில்நுட்பத்துக்கு 2008 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை கேட்டது. 2014 ஏப்ரலில் கிடைத்தது. 2017 செப்டம்பரில்தான் ஐபோனில் ஒரு வசதி வந்தது. கார் ஓடுவதைப் போனே கண்டுபிடித்து மெசேஜ்களை மறைத்துவிடும். மிச்சிகன் சாட்சியம் நடந்து அரை நூற்றாண்டு தாண்டியிருந்தது. வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. பூட்டைத் திறக்கவும் திரையிலேயே ஒரு பட்டன் கொடுத்திருந்தார்கள். ‘நான் வண்டி ஓட்டவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.