கொங்கு நாட்டுப் பள்ளிகளும் செயல்முறைச் சிகிச்சையும்: வெள்ளகோவிலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: செயல்முறைச் சிகிச்சை, மாற்றுத்திறன் மாணவர், ஒருங்கிணைந்த கல்வி, இயன்முறை மருத்துவம், வெள்ளகோவில்.

முன்னுரை

எழுதுகோலைப் பிடிப்பதும், சட்டைப் பொத்தானை இடுவதும், சத்துணவுத் தட்டைச் சிந்தாமல் ஏந்தி வருவதும், வகுப்பறை இரைச்சலைத் தாங்கி ஓரிடத்தில் அமர்வதும் பிள்ளைகளுக்குத் தாமாகவே கைவந்துவிடும் என்று பாடத்திட்டம் கருதிக்கொள்கிறது. மூளை முடக்குவாதமோ, ஆட்டிசமோ, அறிவுசார் குறைபாடோ உடைய பிள்ளைகள் பலருக்கு அவை தாமாக வருவதில்லை. அவற்றை இனங்கண்டு பயிற்றுவிக்கும் துறையே செயல்முறைச் சிகிச்சை. இத்துறை இந்தியாவிற்கு வந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும் வெள்ளகோவில் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவருக்கு அது எளிதில் எட்டுவதாக இல்லை. இதன் காரணத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. நிதிப் பற்றாக்குறை என்பது எளிய விடை. திட்டங்கள் எத்தகைய உடலை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டன என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா.

தறியும் மருத்துவமும்

இத்துறைக்கான முதல் அமைப்பு 1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உருவானது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு நெசவு, கூடை முடைதல், தச்சு ஆகியவை சிகிச்சையாக அளிக்கப்பெற்றன. கைத்தறியின் மிதிபலகை காலுக்கும், நாடாவை ஓட்டுதல் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சியாயின. விசைத்தறி ஓசையை அன்றாடம் கேட்டுவாழும் வெள்ளகோவிலில், தறி மருந்தாக இருந்த கதையைச் சொன்னால் நம்புவோர் குறைவாகவே இருப்பர்.

இந்தியாவில் இதற்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்குக் குடியேறிய அவர், 1948இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பிரிவையும், 1950இல் பயிற்சிப் பள்ளியையும் தொடங்கினார். 1952இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அவ்வாண்டே உருவான உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயாளரின் கைகளை அறுவை மருத்துவத்தால் மீட்டார். அங்கு உருவான மறுவாழ்வு மையத்தில், மீண்ட கைகளுக்குத் தச்சு முதலியன கற்பிக்கப்பட்டன. அக்கல்லூரியிலேயே 1966இல் மேரி வர்கீஸின் முயற்சியால் மறுவாழ்வு நிறுவனம் எழுந்தது. இம்முயற்சிகள் அனைத்தும் மருத்துவமனை சார்ந்தவை. வளர்ந்தவரைப் பிழைப்பிற்குத் திருப்புவது அவற்றின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

பெயரின் சிக்கல்

தமிழில் இத்துறைக்குத் 'தொழில்முறை சிகிச்சை' என்னும் பெயரும் உண்டு. இலங்கையில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்பர். பழந்தமிழில் தொழில் என்பது செயலையே குறித்தது. தொழிற்பெயர், ஐந்தொழில் என்னும் ஆட்சிகள் இதற்குச் சான்று. ஆனால் இன்றைய செவிக்குத் தொழில் என்றால் வருவாய். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழில்முறை சிகிச்சை எதற்கு என்று பெற்றோர் கேட்டால் அவர்களைக் குறை கூற இயலாது. 'செயல்முறைச் சிகிச்சை' என்பதே பொருளுக்கு நெருங்கியது. மொழிபெயர்ப்பின் இத்தடுமாற்றத்தைச் சிறு செய்தியாக ஒதுக்கிவிடலாகாது. பெற்றோர் பெயர்சொல்லிக் கேட்க இயலாத உதவி கோரிக்கை மனுவில் இடம்பெறுவதில்லை.

கால்களை நோக்கிய திட்டங்கள்

1974இல் நடுவண் அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. வள ஆசிரியர், புத்தகப் படி, போக்குவரத்துப் படி, உடன்வருவோர் படி முதலியன அதன் கூறுகள். மறு ஆண்டு, 1975இல், அமெரிக்கா இயற்றிய சட்டமோ பள்ளி வழங்க வேண்டிய தொடர்புடைய சேவைகளுள் ஒன்றாகச் செயல்முறைச் சிகிச்சையைப் பெயர் சுட்டியே குறித்தது. ஓராண்டு இடைவெளியில் தோன்றிய இரு ஆவணங்கள் இத்துறையை இரு வேறு திசைகளில் செலுத்தின.

கொங்கு நாட்டிற்கு இதில் தனிப் பங்குண்டு. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பார்வைக் குறையுடைய பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்க்கும் கல்விக்கு ஆசிரியர்களை உருவாக்கி முன்னோடியாயிற்று. பிரெயில் கற்பிக்கத் தேர்ந்த ஆசிரியர் போதும் என்ற அந்த முன்மாதிரி பார்வைக் குறைக்குப் பொருந்தியது. இறுகிய தசையும் தடுமாறும் விரலும் உடைய பிள்ளைக்கு அது போதவில்லை.

உடல் இயக்கக் குறை என்றதும் அக்காலத் திட்டமிடுவோர் கண்முன் நின்றது இளம்பிள்ளைவாதம். காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி ஆகியவை அதற்கான விடைகள். 1995ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் உடல் இயக்கக் குறைக்குள்ளேயே அடக்கியது. ஆட்டிசத்தை அது குறிப்பிடவில்லை. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்தில், வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இடம்பெற்றனர். நடக்கவைப்பவரும் கற்பிப்பவரும் வந்தனர். இடையிலுள்ள கையின் வேலை இருவருக்கும் உபரிப் பணியாயிற்று. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கை வழி இளம்பிள்ளைவாதத் தொற்று பதிவாகவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. பணியிடங்களின் அமைப்பு அவ்வேகத்தில் மாறவில்லை.

சட்டத் தகுதியும் தாமதித்தது. 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின் பட்டியலில் இத்துறையினர் இல்லை. இவர்களை உள்ளடக்கிய நடுவண் சட்டம் 2021இல்தான் வந்தது.

வெள்ளகோவிலின் தொலைவு

வெள்ளகோவில் கோவை மாவட்டத்தில் இருந்து, 1979இல் பெரியார் மாவட்டத்திற்கும், 2009இல் திருப்பூர் மாவட்டத்திற்கும் மாறிய ஊர். தலைநகரம் மாறும்தோறும் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் செல்லும் வழி மாறியது. கோவையில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த செயல்முறைச் சிகிச்சைக் கல்லூரி உண்டு. ஆயினும் அந்நகரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இச்சிகிச்சை ஒருமுறை பார்த்து மருந்து வாங்கித் திரும்பும் தன்மையதன்று. வாரந்தோறும், மாதக்கணக்கில் தொடர வேண்டும். தறிக் கூலியை நம்பிய குடும்பத்தில் ஒவ்வொரு பயணமும் ஒருநாள் கூலியை விழுங்கும்.

உலக வங்கிக் கடனுதவிக்கு 2022இல் ஒப்புதல் பெற்ற தமிழ்நாட்டின் 'உரிமைகள்' திட்டம், மக்கள் வாழிடத்திற்கு அருகிலேயே மறுவாழ்வுச் சேவை மையங்களை அமைக்க முனைகிறது. வரவேற்கத்தக்கது. ஆனால் மையம் என்பது பிள்ளை சென்றடைய வேண்டிய இடமே. வகுப்பறை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. தடித்த பிடியுள்ள எழுதுகோல், சாய்வான எழுதுபலகை, பாதம் தரையில் படியும் உயரத்தில் இருக்கை ஆகியவற்றை ஊர்த் தச்சர் அரைநாளில் செய்து தருவார். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு சாய்வு, எவ்வளவு உயரம் என்பதை அப்பிள்ளை அமரும் இடத்திலேயே அளந்து சொல்லும் பணியிடம் பள்ளிக் கல்வித் துறையின் கட்டமைப்பிற்குள் வர வேண்டியிருக்கிறது.