எந்த ராஜாவின் மெத்தை?

மெத்தைக் கடையில் 'கிங் சைஸ்', 'குயின் சைஸ்' என்கிறார்களே, அது எந்த ராஜா, எந்த ராணி? எந்த அரண்மனையும் இல்லை நண்பர்களே, எல்லாம் வியாபாரிகள் வைத்த பெயர்!

ஒரு காலத்தில் கட்டில்தான் முதலில். தச்சர் செய்த கட்டிலின் அளவுக்கு மெத்தை தைத்தார்கள். 1590-களில் இங்கிலாந்தில் செய்த 'வேர் பெருங்கட்டில்' 3 மீட்டருக்கும் அதிக அகலம்! வேர் என்ற ஊரின் சத்திரங்களில் கிடந்த அது, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொழிற்சாலை வந்தபின் கதை தலைகீழ். ஆயிரக்கணக்கில் மெத்தை செய்ய ஒரே அளவு வேண்டும். கட்டில்தான் அதற்கு ஏற்ப மாற வேண்டும். அமெரிக்காவில் இருவர் படுக்கும் மெத்தை சுமார் 54 அங்குல அகலம். ஆளுக்கு 27 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு குழந்தைத் தொட்டில் மெத்தையின் அகலம்! 1958-ல் சிம்மன்ஸ் நிறுவனம் குயின், கிங் அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கே குயின் அகலம் 60 அங்குலம், கிங் 76. மெத்தை பெரிதானால் கட்டில், விரிப்பு, போர்வை எல்லாமே புதிதாக வாங்க வேண்டுமே! வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரியும்.

பெயர் கடல் தாண்டியது, அளவு தாண்டவில்லை. பிரிட்டனில் கிங் என்றாலே 60 அங்குலம்தான், அதாவது அமெரிக்காவின் குயின். இந்தியாவில் பெரும்பாலும் 72. பெயரை நம்பி வெளிநாட்டு விரிப்பு வாங்கினால் பணம் போச்சு. எனவே ராஜா ராணியை விடுங்கள், டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.