மாணவர் வடிவமைக்கும் முதன்மைப் பாடம்

கல்லூரி வகுத்து வைத்திருக்கும் துறைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு மாறாக, பல துறைகளின் பாடங்களை மாணவர் தாமே தொகுத்து, அந்தத் தொகுப்புக்கு ஒரு பெயரும் நோக்கமும் தந்து, பேராசிரியர் குழுவின் ஒப்புதலோடு படித்துப் பட்டம் பெறும் முறை ‘மாணவர் வடிவமைக்கும் முதன்மைப் பாடம்’ எனப்படும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் இளநிலைக் கல்லூரிகளில் உருவாகி வளர்ந்த முறை இது. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்தவருக்குக் கணிதம் துணைப் பாடமாக அமைவதுபோல, முன்கூட்டியே முடிவான இணைப்பு எதுவும் இதில் இல்லை. எந்தப் பாடம் எதனோடு சேர வேண்டும், ஏன் சேர வேண்டும் என்பதற்கு மாணவரே விடை கூற வேண்டும்.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் தேர்வுக்குப் பெரிதும் இடமில்லை. இலத்தீன், கிரேக்கம், கணிதம், அறவியல் ஆகியவற்றை எல்லோரும் ஒரே வரிசையில் படித்தனர். 1825இல் திறக்கப்பட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஜெபர்சன், மாணவர்கள் தாம் விரும்பிய விரிவுரைகளைக் கேட்க வழிசெய்தார். ஆனால் 1828இல் யேல் கல்லூரி வெளியிட்ட அறிக்கை பழைய செவ்வியல் பாடத்திட்டத்தை உறுதியாக ஆதரித்தது. கல்லூரியின் வேலை மனத்தைப் பயிற்றுவது, தொழிலுக்கு ஆள் தயாரிப்பதன்று என்பது அதன் வாதம். அந்த வாதத்தின் செல்வாக்கு பல பத்தாண்டுகள் நீடித்தது.

மாற்றம் ஹார்வர்டிலிருந்து வந்தது. 1869இல் அதன் தலைவரான சார்லஸ் வில்லியம் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக நீக்கி விருப்பப் பாட முறையைக் கொண்டுவந்தார். 1897 அளவில் முதலாண்டு மாணவருக்கான கட்டுரைப் பயிற்சி ஒன்றே அங்கு கட்டாயமாக எஞ்சியது. இந்தச் சுதந்திரம் புதிய அறிவியல் துறைகளுக்கு இடமளித்தது. ஆயினும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத தொடக்கநிலைப் பாடங்களை எடுத்தே பட்டம் பெற்றுவிடலாம் என்ற நிலையையும் உண்டாக்கியது.

எலியட்டுக்குப் பின் 1909இல் பொறுப்பேற்ற அபட் லாரன்ஸ் லோவல் இதற்கு ஒரு வரம்பு கட்டினார். ஒரு மாணவர் எடுக்கும் 16 பாடங்களில் குறைந்தது ஆறு ஒரே துறையில் இருக்க வேண்டும். வேறு சில பிற துறைகளில் பரவியிருக்க வேண்டும். ஆழமும் அகலமும் சேர்ந்த இந்த ஏற்பாட்டிலிருந்தே முதன்மைப் பாடம், பொதுப் பாடங்கள் என்ற இன்றைய அமைப்பு அமெரிக்கா முழுவதும் வேரூன்றியது. ஆனால் ஆழம் என்பது ஒரு துறையின் எல்லைக்குள்தான் கிடைக்குமா என்ற கேள்விக்கு இந்த அமைப்பு விடை தரவில்லை. மாணவர் வடிவமைக்கும் முதன்மைப் பாடத்தின் வரலாறு இந்தக் கேள்வியின் வரலாறே.

முற்போக்குக் கல்லூரிகள்

கல்வி என்பது கற்பவரின் அனுபவத்திலிருந்தும் ஆர்வத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியின் சிந்தனை, 1920களிலிருந்து சில சிறு கல்லூரிகளுக்கு அடித்தளமாயிற்று. நியூயார்க் நகருக்கு அருகிலுள்ள சாரா லாரன்ஸ் கல்லூரி 1926இலும், வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி 1932இலும், அதே மாநிலத்தின் காடர்ட் கல்லூரி 1938இலும் தோன்றின. முதல் இரண்டும் அப்போது பெண்கள் கல்லூரிகள்.

ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து ஆண்டுத் திட்டத்தை மாணவரே வகுப்பது இக்கல்லூரிகளின் பொது இயல்பு. பென்னிங்டன் மாணவியர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில வாரங்கள் கல்லூரிக்கு வெளியே வேலை செய்து, அந்த அனுபவத்தைப் படிப்போடு இணைத்தனர். காடர்ட் கல்லூரியின் முதல் தலைவர் ராய்ஸ் பிட்கின், தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத கற்றலைச் செயல்படுத்தினார். 1963இல் அக்கல்லூரி வயதுவந்தோருக்கான பட்டத் திட்டத்தையும் தொடங்கியது. சிறிது காலம் வளாகத்தில் தங்கித் திட்டம் வகுத்து, மீதிக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கும் முறை அது.

1960களின் எழுச்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் தொகை பெருகியது. பெரிய வகுப்புகளும் இறுகிய துறை எல்லைகளும் மனக்குறையை வளர்த்தன. 1964இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எழுந்த பேச்சுரிமை இயக்கமும் வியட்நாம் போர் எதிர்ப்பும், எதைக் கற்பது என்பதில் மாணவருக்குக் குரல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்த்தன. கறுப்பின மக்களின் வரலாறு, பெண்கள், சுற்றுச்சூழல் ஆகிய பொருள்களை முழுமையாகக் கற்பிக்கும் துறை எதுவும் அப்போது இல்லை. சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968இல் தொடங்கிய நீண்ட வேலைநிறுத்தத்தின் பயனாகவே அங்கு இனவியல் கல்விக்கெனத் தனிப் பள்ளி உருவாயிற்று.

பிரௌன் பல்கலைக்கழகத்தில் மாற்றம் வேலைநிறுத்தம் இன்றி, ஓர் ஆய்வின் வழியே வந்தது. ஐரா மகசினர், எலியட் மேக்ஸ்வெல் ஆகிய இரு மாணவர்கள் ஒரு குழு ஆய்வை முன்நின்று நடத்தி, பாடத்திட்டத்தின் வரலாற்றையும் நோக்கத்தையும் அலசும் 400 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கையை 1968இல் அளித்தனர். 1969 மே மாதம் பேராசிரியர் அவை அதன் பெரும்பகுதியை ஏற்றது. பொதுக் கட்டாயப் பாடங்கள் நீங்கின. தனித் திட்டம் வகுத்துப் படிக்க விரும்புவோருக்கும் வழி திறந்தது.

ஹாம்ப்ஷயர் கல்லூரி

இம்முறையை ஒரு விதிவிலக்காக வைக்காமல் கல்லூரி முழுமைக்கும் விதியாக்கிய நிறுவனம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் நகரிலுள்ள ஹாம்ப்ஷயர் கல்லூரி. ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக் கல்லூரிகளும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1958இல் வகுத்த ‘புதிய கல்லூரித் திட்டம்’ அதன் விதை. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் பழைய மாணவர் ஹெரால்ட் ஜான்சன் அளித்த 60 லட்சம் டாலர் அதற்கு உரமாயிற்று. 1965இல் நிறுவப்பட்டு, 1970இல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் முதல் தலைவர் பிராங்க்ளின் பேட்டர்சன்.

படிப்பு மூன்று கட்டங்களாக அமைந்தது. முதற் கட்டத்தில் மாணவர் பல அறிவுப் புலங்களின் ஆய்வு முறைகளை அறிந்துகொள்வார். இரண்டாம் கட்டத்தில் பேராசிரியர் குழு ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு, தம் கேள்விக்கேற்ற பாடங்கள், களப்பணி, தனி வாசிப்பு ஆகியவற்றைத் திட்டமிடுவார். மூன்றாம் கட்டம் ஓராண்டு நீளும் தனிப் பணி. அது ஆய்வேடாகவோ, திரைப்படமாகவோ, கருவியாகவோ இருக்கலாம். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியர் எழுத்து வடிவில் மதிப்பீடு தருவார். அருகிலுள்ள நான்கு நிறுவனங்களின் வகுப்புகளிலும் சேர முடிந்ததால், சிறிய கல்லூரியில் இல்லாத பாடங்களும் மாணவருக்குக் கிடைத்தன. 1975இல் இங்கு பட்டம் பெற்ற கென் பர்ன்ஸ், பின்னாளில் அமெரிக்க வரலாற்றை ஆவணப்படங்களில் சொன்ன புகழ்பெற்ற இயக்குநரானார்.

பரவல்

1969இல் கலிபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஜான்ஸ்டன் கல்லூரியில், மாணவரும் ஆசிரியரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமே பாடத்திட்டமாயிற்று. 1971இல் வகுப்புகளைத் தொடங்கிய எவர்கிரீன் மாநிலக் கல்லூரி, அரசுக் கல்லூரியிலும் இது இயலும் என்று காட்டியது. மெய்ன் மாநிலத்தின் அட்லாண்டிக் கல்லூரி 1972இல் 32 மாணவர்களோடு தொடங்கியது. அங்கு எல்லோருக்கும் மனிதச் சூழலியல் என்ற ஒரே பட்டம். அதன் உள்ளடக்கத்தை ஒவ்வொருவரும் தாமே அமைப்பர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டில் தொடங்கிய பிரிவு, பின்னர் காலட்டின் தனிநிலைக் கல்விப் பள்ளியாக வளர்ந்தது. அங்கு இறுதியாண்டு மாணவர், தாம் தெரிந்தெடுத்த 20 முதல் 25 நூல்களை முன்வைத்து ஆசிரியர்களோடு வாய்மொழியாக உரையாடித் தேற வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகங்கள் தம் துறைகளை அப்படியே வைத்துக்கொண்டு, விரும்பும் சிலருக்கு மட்டும் தனித் திட்டம் அமைத்தன. இண்டியானா பல்கலைக்கழகத்தில் அவ்வாறு படித்த வில் ஷார்ட்ஸ், புதிரியல் என்ற பெயரில் 1974இல் பட்டம் பெற்றார். 1860க்கு முந்தைய அமெரிக்கச் சொற்புதிர்களின் வரலாறு அவருடைய ஆய்வேட்டின் பொருள். 1993இல் அவர் நியூயார்க் டைம்ஸ் இதழின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியரானார்.

நடைமுறை

நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் மாறினாலும் அடிப்படை ஒன்றே. பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மாணவர் ஒரு முன்மொழிவை எழுத வேண்டும். படிப்பின் மையக் கேள்வி, ஏற்கெனவே உள்ள எந்தத் துறையும் ஏன் அதற்குப் போதாது என்ற விளக்கம், அரையாண்டு வாரியாகப் பாடப் பட்டியல், இறுதிப் பணியின் உருவம் ஆகியவை அதில் இருக்கும். எடுத்துக்காட்டாக, மீனவர் வாழ்வாதாரத்தை ஆராய விரும்புபவர் கடல் உயிரியல், பொருளியல், பன்னாட்டுச் சட்டம், மானுடவியல் ஆகியவற்றை இணைக்கலாம். ஆனால் வெறும் பட்டியல் போதாது. தொடக்கநிலைப் பாடங்களிலேயே தேங்காமல் மேல்நிலைப் பாடங்களுக்குச் செல்வதையும் அவர் காட்ட வேண்டும். பொறுப்பேற்கும் பேராசிரியர் கையொப்பமிட்ட பின், ஒரு குழு முன்மொழிவைப் பரிசீலிக்கும். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் வழக்கம்.

குறைகளும் சோதனைகளும்

இம்முறையின் மீதான முதற் குறை, ஆழமின்மை. ஒவ்வொரு துறையிலும் சிறிதளவே தொட்டுச் செல்பவர் எதிலும் தேர்ச்சி பெறமாட்டார் என்பது எலியட் காலத்திலிருந்தே கேட்கும் எச்சரிக்கை. இறுதிப் பணியைக் கட்டாயமாக்கியது இதற்கான விடை. இரண்டாவது, பழக்கமில்லாத பெயருடைய பட்டத்தை வேலை தருவோருக்கும் மேற்படிப்பு நிறுவனங்களுக்கும் விளக்க வேண்டியிருப்பது. மூன்றாவது, வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக எட்டாதது. கல்லூரியின் நடைமுறைகளை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவருக்கு இந்த வழி எளிதில் புலப்படும். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வருபவருக்கு, எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சுமை செலவே. ஒவ்வொரு மாணவரோடும் ஆசிரியர் நேரம் செலவிட வேண்டியிருப்பதால், சிறு கல்லூரிகளுக்கு இது கடினமாகியது. ஹாம்ப்ஷயர் கல்லூரி 2019இல் நிதி நெருக்கடிக்கு உள்ளாகி, அந்த ஆண்டு முழு அளவில் முதலாண்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை என முடிவெடுத்தது. காடர்ட் கல்லூரி 2024இல் மூடப்பட்டது.

இந்தியாவில்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியையும் நான்காண்டு இளநிலைப் படிப்பையும் முன்வைத்தது. 2021இல் கல்விப் புள்ளி வங்கி தொடங்கப்பட்டு, ஒரு நிறுவனத்தில் ஈட்டிய புள்ளிகளை மற்றொன்றில் பயன்படுத்த வழி ஏற்பட்டது. விருப்பப் பாடங்களைத் தெரிவு செய்யும் புள்ளி முறையும் பல பல்கலைக்கழகங்களில் நடைமுறையில் உள்ளது. ஆயினும் இவற்றில் மாணவர் செய்வது, கல்லூரி தரும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதே. பட்டியலையே எழுதி, அதற்குக் காரணம் கூறி, அதைக் கேட்டுத் திருத்த ஓர் ஆசிரியரும் கிடைக்கும்போதுதான் அது மாணவர் வடிவமைத்த பாடமாகிறது.