தூத்துக்குடி ஒன்பதாவது கப்பல் தளம்

தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தின் 9ஆவது கப்பல் தளம் முன்பு பொதுச் சரக்கு இறக்கும் இடமாக இருந்தது. அதைச் சுமார் ₹434 கோடி செலவில் சரக்குப் பெட்டக முனையமாக மாற்றி, 2024 செப்டம்பர் 16 அன்று திறந்தார்கள். ஜே.எம். பாக்ஸி குழுமம் அரசு-தனியார் பங்களிப்பு முறையில் இதை நடத்துகிறது.

இந்தக் கரையின் பழைய குறை ஆழமின்மை. கரையோரக் கடலில் தண்ணீர் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தள்ளியே நங்கூரமிட்டன. பருத்திப் பொதிகளைத் தோணிகளில் ஏற்றிக் கப்பலருகே கொண்டுபோனார்கள். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் கொழும்புக்குக் கப்பல் விட்டதும் இதே கரையிலிருந்துதான். கடலுக்குள் தலா ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லைக் கொட்டி இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பிய பிறகே கப்பல் கரையை ஒட்டி நிற்க முடிந்தது. 1974இல் இந்தத் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

நிலக்கரி, உரம் போன்ற மொத்தச் சரக்கை நம்பிய துறைமுகத்துக்குள் சரக்குப் பெட்டகங்கள் மெதுவாகத்தான் நுழைந்தன. 7ஆவது தளத்தைத் தனியாரிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1998இல் கையெழுத்தானது. 8ஆவது தளம் அடுத்துப் பெட்டகத்துக்கு மாறியது. பிறகு 9ஆவதின் முறை வந்தது.

பழைய தளத்தைப் பெட்டகத்துக்கு ஏற்பத் திருத்துவது பெயிண்ட் அடிக்கிற வேலையல்ல. பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் கவ்வித் தூக்கும் கிரேன் பல நூறு டன் எடையுள்ளது. தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்தப் பாரத்தைத் தாங்க உறுதியான அடித்தளம் வேண்டும். கடலடியையும் தோண்டியாக வேண்டும். ஆனால் அளவுக்கு மீறித் தோண்டினால் தளத்தைத் தாங்கும் தூண்கள் பிடிமானம் இழக்கும். ஆழமும் பாரமும் இப்படி ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதுதான் இத்தகைய பணியின் உண்மையான சிரமம்.

இப்போது தளத்தின் நீளம் 370 மீட்டர், மிதவை ஆழம் 14.20 மீட்டர். இருபது அடிப் பெட்டகக் கணக்கில் ஆண்டுக்கு 6 லட்சம் கையாளலாம். பணியாளர்களில் 40 சதவீதம் பெண்கள் என்று பிரதமர் நரேந்திர மோடி திறப்பு விழாவுக்கு அனுப்பிய காணொலிச் செய்தியில் சொன்னார். துறைமுக வேலை நெடுங்காலம் ஆண்களின் வேலையாகவே இருந்துவந்த நிலையில், முனையத்தின் நீளத்தைவிட இது கவனிக்கத்தக்க மாற்றம்.

தென்மாவட்டங்களின் ஏற்றுமதிச் சரக்கில் பெரும்பங்கு இன்னும் சிறு கப்பல்களில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்று-இறக்குக் கூலி உண்டு, நாள்களும் வீணாகின்றன. இந்தத் தளம் அந்தச் சுற்றைக் குறைக்கும் முயற்சி. இந்தத் தளத்தைவிட அதிக ஆழம் கேட்கும் கப்பல்களுக்காக வெளித்துறைமுகப் பெட்டக முனையத் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.