யார் திறந்த மடை? – 6

1835-இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிவைத்த பெண்களோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கழுத்து வீங்கி, நெஞ்சு ஓயாமல் படபடத்தவர்கள். 1840-இல் ஜெர்மனியின் மெர்சபர்க்கில் பாசிடோ, பிதுங்கிய கண்களையும் சேர்த்து அதே நோயை விவரித்தார். நோய்க்குப் பெயர் வந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. பயம், அதிர்ச்சி, நரம்புக் கோளாறு என்று பழி அந்தப் பெண்களின் மனசு மேலேயே விழுந்தது. நூறு ஆண்டுக்கு மேல் நீடித்த அநியாயம் அது!

முதல் தடயம் 1956-இல் நியூசிலாந்தின் டனீடன் நகரில் சிக்கியது. டங்கன் ஆடம்ஸும் ஹெர்பர்ட் பர்வ்ஸும் நோயாளிகளின் ரத்தநீரைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, தைராய்டு எவ்வளவு தூண்டப்படுகிறது என்று அளந்தார்கள். தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைக்கடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். என்றால், அதன் வேகம் சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடும். இந்த ரத்தநீரோ மெதுவாகத் தொடங்கி, வெகுநேரம் விடாமல் முடுக்கியது. டி.எஸ்.எச். அல்லாத வேறொன்று அதில் இருந்தது.

1958-இல் அமெரிக்க மருத்துவர் ஃபஜன்ஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி செத்துப்போனவர். ஆணையிடும் சுரப்பியே போன பிறகும் அவருக்குத் தைராய்டு எகிறியது.

கீழக்குயில்குடியில் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மடையைத் திறக்கவும் அடைக்கவும் பொறுப்பான ஆள் ஒருவர் உண்டு. அவருக்குத் தெரியாமல் வேறெவனோ திறந்துவிட்டால் வயல் முழுகும். அவர் திறக்க வேலையே இராது. மதுரையில் ரத்தப் பரிசோதனை செய்து, டி.எஸ்.எச். 0.01 என்ற தாளோடு ஊர் திரும்பும் பெண்ணிடம், "தைராய்டு குறைச்சலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது தப்பு. தைராய்டு அளவுமீறிச் சுரப்பதால்தான் பெரும்பாலும் பிட்யூட்டரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. எடை கரைவதும், கை நடுங்குவதும், தூக்கம் கெடுவதும் அதனால்தான். அவர் மனசு பலவீனம் என்று யாரும் சொல்லக் கூடாது.

மடையைத் திறந்தவன் யார்? 1964-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் கிரிஸ் குழு அதைப் பிரித்தெடுத்தது. அது கிருமிகளைப் பிடிக்க உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்! தைராய்டில் டி.எஸ்.எச். வந்து அமரவேண்டிய ஏற்பியில் அது போய் அமர்கிறது. அழிப்பதற்கென்று பிறந்தது, இங்கே அழிக்காமல் முடுக்குகிறது. எனக்கு இதுதான் இந்த வரலாற்றிலேயே மிகப் பெரிய திகைப்பு.

விசாரணை இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. இந்த நோய்க்காகத் தைராய்டை அறுத்தெடுத்துப் பல ஆண்டுகள் ஆன தாய்மாரில் சிலருக்கு, இதயம் தறிகெட்டுத் துடிக்கக் குழந்தைகள் பிறந்தன. தாயின் கழுத்தில் சுரப்பியே இல்லை. பிறகு குழந்தையின் சுரப்பியை முடுக்கியது எது? சில மாதங்களில் அந்த வேகம் தானாக ஓய்ந்ததும் எப்படி?

(தொடரும்)