குதர்க்கக் கட்டம் பிறந்த கதை

சமுத்திரத்தைக் கொறிக்கும் பண்டம். மூன்றெழுத்து.

மீன், இறால், நண்டு என்று மனம் கடற்கரைப் பக்கம் ஓடினால் புதிர் போட்டவன் விரித்த வலையில் விழுந்துவிட்டீர்கள் என்று பொருள். சமுத்திரத்தை என்பதற்கு இன்னொரு சொல் கடலை. கொறிக்கும் பண்டமும் கடலை. இரண்டு வழியாகப் போனாலும் ஒரே வாசல். இடையில் எங்கே வெட்ட வேண்டும் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தைக்கப்பட்டிருக்கிறது. பழைய உரையாசிரியர்கள் பாட்டைப் பதம் பிரித்த மாதிரி பிரித்துவிட்டால் வேலை முடிந்தது.

இது நான் போட்டது. ஆனால் வித்தை என்னுடையதல்ல. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தில் சில கவிஞர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் ஒரு விவசாயியும் சேர்ந்து உண்டாக்கியது. ‘க்ரிப்டிக் கிராஸ்வேர்ட்’ என்று பெயர். ஹிந்து பேப்பர் வாங்கும் வீடுகளில் பெரியவர்கள் காலைக் காப்பியோடு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்வது இதற்குத்தான். தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. நான் குதர்க்கக் கட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

சாதாரணக் குறுக்கெழுத்தின் பிறந்த தேதி எல்லாருக்கும் தெரிந்தது: 1913 டிசம்பர் 21. ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். அவர் வைத்த பெயர் ‘வேர்ட்-கிராஸ்’. சில வாரங்களில் அச்சுக்கோர்ப்பில் சொற்கள் இடம் மாறி ‘கிராஸ்-வேர்ட்’ ஆகிவிட்டது. அச்சுப்பிழையே நிரந்தரப் பெயராக நின்ற அபூர்வமான பிறவி. குறிப்புகள் எல்லாம் நேரடியானவை. இன்ன பறவை, இன்ன ஆறு என்று கேட்டால் பெயரை எழுத வேண்டியதுதான். 1924இல் சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற புதுப் பதிப்பகம் தன் முதல் வெளியீடாக இந்தக் கட்டங்களைப் புத்தகமாக்கி, கூடவே ஒரு பென்சிலையும் கட்டி விற்றது. அமெரிக்காவே பைத்தியம் பிடித்து அலைந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில் லண்டன் ‘டைம்ஸ்’ இதைப் பார்த்து முகம் சுளித்தது. அடிமைப்பட்ட அமெரிக்கா என்ற பொருளில் தலைப்பிட்டு எழுதியது. வேலைவெட்டி இல்லாதவர்களின் வியாதி என்பது அதன் தோரணை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வியாதி கடல் தாண்ட நாளாகவில்லை. ‘சண்டே எக்ஸ்பிரஸ்’ 1924 நவம்பரிலேயே கட்டத்தைப் போட்டுவிட்டது. ‘டெய்லி டெலிகிராஃப்’ 1925 ஜூலை 30இல் தொடங்கியது. அவையும் பெரும்பாலும் நேர்க் குறிப்புகளே. அகராதியைப் புரட்டத் தெரிந்தால் போதும். இந்த இடத்தில்தான் ஒரு மனிதருக்குச் சலிப்பு வந்தது. குதர்க்கக் கட்டம் அந்தச் சலிப்பில் பிறந்தது என்பது என் கட்சி.

எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ், 1892இல் பிறந்தவர். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஆயிரத்தோர் இரவுகளைப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பில்ஹணரின் சௌரபஞ்சாசிகாவைத் தழுவி ‘பிளாக் மேரிகோல்ட்ஸ்’ எழுதியவரும் இவரே. நம் பாரதிதாசன் ‘புரட்சிக்கவி’யாக்கிய அதே பில்ஹணர் கதைதான். லண்டனில் உட்கார்ந்து அந்தக் காஷ்மீரக் கவியை மொழிபெயர்த்தவர்தான் குறுக்கெழுத்தைக் குப்புறப் புரட்டினார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

மேதர்ஸ் செய்தது இதுதான்: குறிப்பை அர்த்தமாக எழுதாமல் ஏமாற்றாக எழுதினார். சொல்லை உடைத்தார், எழுத்தைக் கலைத்தார், ஒரு சொல்லுக்குள் இன்னொன்றை ஒளித்தார், சில சமயம் குறிப்புகளைச் செய்யுளாகவே அமைத்தார். எங்கோ ஒன்றிரண்டு சிலேடை மற்றவர்களும் போட்டிருக்கிறார்கள். கட்டம் முழுவதையும் குதர்க்கமாகவே நிரப்பியவர் இவர். 1925இல் ‘சாட்டர்டே வெஸ்ட்மின்ஸ்டர் கெஜட்’டில் தொடங்கி, 1926 முதல் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் நடத்தினார். சொற்களை அவர் தேர்ந்து கொடுக்க, மனைவி ரோசமண்ட் அவற்றைக் கட்டத்தில் பொருத்திக் கொடுப்பாராம். சமையலில் மசாலா அரைப்பவர் பெயர் வெளியே வருவதில்லை, இங்கேயும் அப்படித்தான்.

கட்டத்தின் கீழே மேதர்ஸ் போட்டுக்கொண்ட பெயர் ‘டார்கிமாடா’. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் மதவிசாரணை மன்றத்தின் தலைவராக இருந்து ஜனங்களைச் சித்திரவதை செய்தவரின் பெயர். புனைபெயரிலேயே தன் உத்தேசத்தைச் சொல்லிவிட்டார். 1934இல் ‘கெய்ன்ஸ் ஜாபோன்’ என்று ஒரு துப்பறியும் கதை வெளியிட்டார். நூறு பக்கங்கள், வேண்டுமென்றே வரிசை குலைத்து அச்சிட்டவை. சரியான வரிசையைக் கண்டுபிடித்தால்தான் கொலையாளி யாரென்று தெரியும். அந்தக் காலத்தில் இரண்டே பேர் விடுவித்தார்கள். பிறகு ஜான் ஃபின்னமோர் என்ற நகைச்சுவை எழுத்தாளருக்கு 2020இல்தான் கைகூடியது.

இப்படிப்பட்டவர் வாசகனிடம் நியாயம் பார்ப்பார் என்று எதிர்பார்க்கலாமா? பார்க்கவில்லை. சில குறிப்புகளுக்கு மறுவாரம் விடை வந்த பிறகும் அது ஏன் விடை என்பது பிடிபடாது. விடுகதையிலும் இதே தொல்லை உண்டு. ‘அதுதான்’ என்று பாட்டி சொன்னால் அதுதான், மேல்முறையீடு கிடையாது.

இதற்கிடையே ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு ஒரு சங்கடம். கட்டம் இருக்கிறது என்பதற்காகவே வாசகர்கள் டெலிகிராஃப் பக்கம் நகர ஆரம்பித்தார்கள். முகம் சுளித்து ஐந்தரை வருஷம்கூட ஆகவில்லை, கௌரவத்தை விழுங்கிக்கொண்டு அதுவும் இறங்கியது. யாரைப் பிடிப்பது என்று தேடியபோது ‘அப்சர்வர்’ செய்தி ஆசிரியர் ராபர்ட் பெல் தன் மகனைக் கைகாட்டினார். ஏட்ரியன் பெல்லுக்கு அப்போது 28 வயது. சஃபோக் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர். புதிர் போட்டதில்லை என்பது இருக்கட்டும், அதுவரை ஒரு கட்டத்தை நிரப்பியதுகூட இல்லை. பயிற்சிக்குக் கிடைத்தது பத்து நாள். 1930 பிப்ரவரி 1இல் முதல் தினசரிக் கட்டம் வந்தது. பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அதை விடவில்லை.

பெல் சித்திரவதைக்காரர் அல்ல, சிரிக்க வைப்பவர். அவர் போட்டதாகச் சொல்லப்படும் ஒன்று தமிழிலும் அப்படியே நிற்கிறது: சிலிண்டர் ஜாமாகிவிட்டது (5,4). அடுப்படி விவகாரம் என்று நினைத்து கேஸ் கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். உருளை வடிவம், உள்ளே ஜாம் தடவியிருக்கிறது: ஸ்விஸ் ரோல். அடைப்புக்குள் இருக்கும் எண்கள் விடையில் எத்தனை ஆங்கில எழுத்து என்பதைச் சொல்பவை. இங்கே இரண்டு சொற்கள்.

ஆங்கிலத்துக்கு இதில் சில வசதிகள். ‘ஃப்ளவர்’ என்றால் பூ. ஆனால் ஃப்ளோ ஆவது எதுவோ அதுவும் ஃப்ளவர் என்று குதர்க்கம் பேசினால் அது ஆறு! தேம்ஸ் நதி என்று எழுத வேண்டும். ‘டக்’ என்று வந்தால் வாத்து இல்லை, கிரிக்கெட்டில் பூஜ்யம், ஆகவே ‘ஓ’ என்ற எழுத்து. ‘மெய்டன்’ என்றால் கன்னிப்பெண் அல்ல, ஸ்கோர் அட்டையில் வரும் ‘எம்’. ராணுவம், தேவாலயம், கிரிக்கெட், பள்ளிக்கூட லத்தீன் இவ்வளவும் தெரிந்த ஒரு வகுப்பார் தங்களுக்குள் ஆடிக்கொண்ட ஆட்டம் என்பதை மறைக்க முடியாது. கிரிக்கெட் மட்டும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்பதால் கொஞ்சம் பிழைத்தோம்.

இந்த வரலாற்றை எழுதுகிற எவரும் 1944இல் நார்மண்டிப் படையெடுப்பின் ரகசியச் சொற்கள் டெலிகிராஃப் கட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததையும், புதிர் போட்ட லெனார்ட் டாவ் என்ற தலைமையாசிரியரை உளவுத்துறை விசாரித்ததையும் விடமாட்டார்கள். சுவாரசியமான கதைதான். ஆனால் என்னைக் கேட்டால், ஆட்டம் ஆட்டமானது வேறொரு சண்டையில். அதில் துப்பாக்கி இல்லை, இலக்கணம்தான்.

அலிஸ்டர் ஃபெர்குசன் ரிச்சி ஒரு பாதிரியார், வெல்ஸ் கதீட்ரல் பள்ளியின் தலைமையாசிரியர். தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஆஃப்ரிட்’ என்று வைத்துக்கொண்டார். அரபுக் கதைகளில் வரும் பூதம் அது. 1949இல் வந்த அவருடைய புத்தகத்தில் இந்த ஆட்டத்தின் சட்டம் முதல் தடவையாக எழுத்தில் வந்தது. சாரம் இதுதான்: புதிர் போடுகிறவன் தான் சொல்வது போலத் தோன்றுவதை மனத்தில் நினைத்திருக்க வேண்டியதில்லை; ஆனால் மனத்தில் நினைத்திருப்பதை எழுத்துக்கு எழுத்து சொல்லியே ஆக வேண்டும். ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது.

ஒரு உதாரணம். ‘நகரம் பாவிகள் போய்ச்சேரும் இடம்’ என்று நான்கெழுத்துக்கு ஒரு குறிப்பு போடுகிறேன். விடை நரகம், நகரத்தின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் வரும். ஆஃப்ரிட் இதை ஏற்கமாட்டார். எழுத்தை மாற்றச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? சொல்லாமல் எதிர்பார்ப்பது அநியாயம். ‘தாறுமாறான நகரம் பாவிகள் போய்ச்சேரும் இடம்’ என்று திருத்தினால் சட்டப்படி சரி. ‘தாறுமாறான’ என்பது நகரத்தின் போக்குவரத்தைக் குறை சொல்வது போல நின்றுகொண்டு, எழுத்தைக் கலை என்று உத்தரவு போடுகிறது. தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை, குறைவாகவும் ஒரு சொல் இல்லை. இனி நீங்கள் விடையை எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று பதவுரை சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் விடுவித்ததாகக் கணக்கு.

இந்தச் சட்டத்தை அமல்படுத்தியவர் டெரிக் மக்நட், கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்திய வாத்தியார். 1939இல் மேதர்ஸ் இறந்த பிறகு ‘அப்சர்வர்’ கட்டத்துக்கு வந்தவர்களில் நிலைத்து நின்றவர். இவரும் ஸ்பெயின் விசாரணைத் தலைவர் ஒருவர் பெயரையே எடுத்துக்கொண்டார்: ஸிமினீஸ். ஆனால் வாசகனை வதைத்ததைவிடத் தன்னைப் போன்ற புதிர்க்காரர்களை வதைத்ததுதான் அதிகம். வினைச்சொல்லுக்கு வினை, பெயருக்குப் பெயர் பொருந்தவேண்டும். வெறும் அலங்காரத்துக்காக ஒரு சொல்கூடக் குறிப்பில் நிற்கக் கூடாது. கட்டம் தலைகீழாகத் திருப்பினாலும் சமச்சீராக இருக்க வேண்டும். 1966இல் இதையெல்லாம் புத்தகமாக்கினார். கண்டிப்பான இலக்கண வாத்தியார் சிவப்பு மையோடு உட்கார்ந்தது மாதிரி இருக்கும்.

வாசகர்களே குறிப்பு எழுதி அனுப்பும் போட்டிகளையும் நடத்தினார். அதில் அடிக்கடி பரிசு வாங்கியவர்களில் ஒருவர், பின்னாளில் லாயிட்ஸ் வங்கியின் தலைவரான ஜெரமி மோர்ஸ். அதே போட்டியில் கலந்துகொண்ட காலின் டெக்ஸ்டர் தன் துப்பறியும் இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

மக்நட் 1971இல் இறந்தார். மறுவருஷம் வந்த ஜானதன் கிரௌதர் தன்னை ‘ஏஸெட்’ என்று அழைத்துக்கொண்டார். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் டெஸா, புதிர்க்காரர்கள் பெயரெடுத்த மூன்றாவது விசாரணைத் தலைவர். திருப்பாமல் பார்த்தால் அகர முதல் இறுதி வரை. நல்ல குறிப்பு என்பது துல்லியமான அர்த்தம், விடையின் எழுத்துகளுக்கு இட்டுச்செல்லும் நியாயமான உபவழி, வேறொன்றுமில்லை என்று குருவின் கட்டளையை மூன்றே துண்டாக நறுக்கியவர் இவர்.

எல்லாரும் கட்டுப்பட்டார்கள் என்றில்லை. ஆங்கிலத்தில் ஒரு பழைய குறிப்பு உண்டு: ‘எச், ஐ, ஜே, கே, எல், எம், என், ஓ’, ஐந்தெழுத்து. எச் டூ ஓ, ஆகவே வாட்டர். அர்த்தம் தனியாக இல்லை, உபவழி தனியாக இல்லை. ஸிமினீஸ் உச்சுக்கொட்டியிருப்பார். எனக்கு இதை மறக்க முடியவில்லை. சட்டத்தை மீறியதற்கு இவ்வளவு சந்தோஷம் கிடைக்குமென்றால் மீறட்டும் என்றுதான் தோன்றுகிறது.

அப்படி நினைத்தவர்களின் தலைவர் ஜான் கிரஹாம். பாதிரியார். ‘கார்டியன்’ நாளிதழுக்கு 1958இலிருந்து புதிர் போட்டவர். ‘அராகாரியா’ என்பது அவர் பெயர். குரங்குகளுக்கே ஏறத் தெரியாமல் திணறும் என்று ஆங்கிலேயர்கள் ‘குரங்குப் புதிர்’ என்று செல்லப்பெயர் வைத்த மரம். விவாகரத்தால் தேவாலயப் பணி போனபோது புதிர்தான் அவருக்குச் சோறு போட்டது. இலக்கணத்தைக் கொஞ்சம் நெளித்தாலும் வாசகர்கள் மன்னித்தார்கள், அவ்வளவு குறும்பு.

2013 ஜனவரியில் அவருடைய ஒரு கட்டத்துக்கு மேலே சிறு முன்னறிவிப்பு அச்சாகியிருந்தது. அராகாரியாவுக்கு 19இல் 18 இருக்கிறது, 13, 15ஆல் சிகிச்சை நடக்கிறது என்று. கட்டத்தை நிரப்பியவர்கள் அந்த எண்களுக்கு விடை எழுதிப் பார்த்தார்கள். 18 புற்றுநோய். 19 உணவுக்குழாய். 13, 15 சேர்ந்து வலிதணிப்புச் சிகிச்சை. அதே ஆண்டு நவம்பர் 26இல் காலமானார், வயது 92.