மனஸ்தாபமும் மனந்திரும்புதலும்: தமிழ்க் கிறித்தவ வழக்கில் பாவ அறிக்கைச் சொற்கள்

1. முன்னுரை

செய்த பிழையை உணர்ந்து, அதனை வாய்விட்டு உரைத்து, மன்னிப்பு வேண்டுதல் கிறித்தவ வேண்டுதல் வாழ்வின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்றாகும். உளம் வருந்துதல், பாவத்தை எடுத்துரைத்தல், வாழ்வின் திசையை மாற்றுதல், முறிந்த உறவைப் புதுப்பித்தல் என்னும் நான்கு நிலைகள் இச்செயலில் அடங்கியுள்ளன. இந்நான்கையும் ஒருங்கே உணர்த்தும் தனிச்சொல்லைத் தமிழ்க் கிறித்தவ வழக்கிற் காண்பது அரிது. மொழிபெயர்ப்பாளர் அவ்வக்காலத்தில் ஒரு நிலையைத் தெரிந்துகொண்டு, அதன் பெயரால் முழுச் செயலையும் சுட்டியுள்ளனர். அத்தெரிவுகளும் அவற்றின் விளைவுகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2. முத்துக்குளித்துறையில் தொடக்கம்

1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், அடிப்படை வேண்டுதல்களை உள்ளூரார் துணைகொண்டு தமிழாக்கினார். பொதுப் பாவ அறிக்கை வேண்டுதலும் அவற்றுள் ஒன்று என்பது 1544ஆம் ஆண்டில் அவர் எழுதிய மடலால் தெரியவருகிறது. அவருக்குப்பின் அப்பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய அண்டிரிக்கே அடிகளார் (1520-1600) தமிழைக் கற்று, போர்த்துக்கீசிய மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார்.

இம்மொழிப் பயிற்சிக்கும் பாவ அறிக்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம்பிக்கை அறிக்கையைப் பொருள் முற்றும் விளங்காமலும் மனப்பாடம் செய்யலாம். தன் பாவத்தைச் சொல்லுதல் அத்தகையதன்று. அதனைச் சொல்பவர் தம் சொந்தச் சொற்களிற் சொல்ல, கேட்பவர் பிறழாது உணர்தல் வேண்டும். இடையே துபாசி நின்றால் இருவர்க்குரிய மறைபொருள் மூவர்க்குரியதாகிவிடும். மேலும், 1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் பெரும்பாவங்களை வகையும் எண்ணிக்கையும் தோன்றக் கூறுதல் வேண்டுமென வரையறுத்தது. உறவுமுறை, தொழில், கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றிற்குரிய அன்றாடத் தமிழ் தெரியாத குரு இவ்விதியை நிறைவேற்றுதல் இயலாது.

இத்தேவையை ஒட்டி, 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அடுத்து, 1580இல் பாவ அறிக்கைக்குரிய கையேடு ஒன்றும் கொச்சியில் அச்சாயிற்று. தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களுள் ஒன்று இத்தகைய கையேடாக அமைந்தமை கருதத்தக்கது. 'கொம்பெசியொனாயரு' என்னும் அதன் பெயர் போர்த்துக்கீசியச் சொல்லின் ஒலிபெயர்ப்பாகும். கடன்சொல்லுக்குத் தமிழில் முற்பொருள் இல்லையாதலின் பிறபொருள் கலக்கும் அச்சமில்லை. ஆயின் சொல்லைக் கேட்ட அளவில் செயலின் இயல்பு விளங்குவதுமில்லை.

3. வடமொழித் தொடர்கள்

கத்தோலிக்க வழக்கில் பின்னர் நிலைபெற்ற சொல் 'பாவசங்கீர்த்தனம்' என்பதாகும். வைணவ மரபில் நாமசங்கீர்த்தனம் பலர் கூடி உரத்துப் பாடுதலைக் குறிக்க, பாவசங்கீர்த்தனமோ குருவின் செவியில் மெல்லச் சொல்வதைக் குறிப்பது முரண்போலத் தோன்றும். எனினும் 'கீர்த்தனம்' என்பதன் அடிப்பொருள் பெயர் சுட்டிச் சொல்லுதல் என்பதே. பாவங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க வேண்டும் என்னும் விதிக்கு இச்சொல் முற்றும் பொருந்துகிறது. இங்கு முன்னிறுத்தப்பட்ட நிலை எடுத்துரைத்தல் ஆகும்.

வருந்துதலைக் குறிக்க 'மனஸ்தாபம்' என்னும் சொல் ஆளப்பட்டது. தாபம் என்பது வெப்பம். மனஸ்தாபம் மனத்தின் வெதும்பல். கடவுள்மீது கொண்ட அன்பினால் எழும் நிறைவான வருத்தம் 'உத்தம மனஸ்தாபம்' எனப்பட்டது. அதற்குரிய வேண்டுதலைத் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர் மனப்பாடமாக ஓதி வந்தனர்.

4. ஒரு சொல், இரு மரபுகள்

இதே சொல் சீர்திருத்தச் சபையினரின் விவிலியத்தில் வேறு இடம் பெறுகிறது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசு பின்னர் வருந்தியதைக் கூறுமிடத்து (மத்தேயு 27:3) 'மனஸ்தாபப்பட்டு' என்னும் சொல் வருகிறது. கிரேக்க மூலத்தில் அங்குள்ளது 'மெட்டமெலோமாய்' என்னும் வினை. உள்ளம் மாறுதலைக் குறிக்கும் 'மெட்டநோயா' என்பதற்கு அம்மொழிபெயர்ப்பில் 'மனந்திரும்புதல்' என்பதே பெரும்பாலும் வருகிறது. 2 கொரிந்தியர் 7:10இல் இரு கிரேக்க அடிகளும் ஒருங்கே வர, தமிழிலும் 'மனஸ்தாபப்படு', 'மனந்திரும்புதல்' ஆகியவை வேறுபடுத்தி ஆளப்பட்டுள்ளன. ஆகவே, ஒரு மரபில் மன்னிப்புக்கு வாயிலாகும் மேலான வருத்தத்தின் பெயர், மற்றொரு மரபில் யூதாசின் நம்பிக்கையற்ற வருத்தத்திற்கும் பெயராயிற்று.

இக்காலப் பொதுவழக்கிலோ மனஸ்தாபம் இருவரிடையே ஏற்படும் மனக்கசப்பையே குறிக்கிறது. வடமொழியில் கழிவிரக்கம் எனப் பொருள்படும் 'அனுதாபம்' தமிழில் பிறர்பால் கொள்ளும் இரக்கமாகப் பொருள் திரிந்தமையும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

5. திரும்புதல்

மெட்டநோயா என்பதற்கு இலத்தீன் வுல்காத்தா தந்த தொடர் 'தவமுயற்சி செய்க' எனவும் பொருள்பட நின்றது. 16ஆம் நூற்றாண்டில் எராசுமுசு இதனைத் திருத்த முயன்றார். 1517இல் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளுள் முதலாவது, வாழ்நாள் முழுவதும் மனமாற்றமாக அமைதல் வேண்டும் என்னும் கருத்தை உடையது. 'மனந்திரும்புதல்' என்னும் தொடரில் கிரேக்கச் சொல்லிலுள்ள 'மனம்' என்னும் கூறும், எபிரேயச் சொல்லாகிய 'ஷூப்' தரும் 'திரும்பு' என்னும் கூறும் ஒருங்கிணைந்துள்ளன.

இதனால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. திருத்தூதர் பணிகள் 3:19இல் 'மனம் மாறுங்கள்', 'திரும்புங்கள்' எனப் பொருள்படும் இரு வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. 'திரும்பு' முதல் வினைக்கே செலவாகிவிட்டமையால், 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இரண்டாவதனைக் 'குணப்படுங்கள்' என்று பெயர்த்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் முதல் வினைக்கு 'மனம் மாறு' என்பதைக் கொண்டு, 'திரும்பு' என்பதை இரண்டாம் வினைக்கு மீட்டுத் தந்தது.

6. நாமும் நாங்களும்

சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் பாவ அறிக்கை பெரும்பாலும் பலர் கூடி உரைப்பதாகும். கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ 'நாம்', 'நாங்கள்' என இரண்டு. கடவுளை நோக்கிப் பாவத்தைச் சொல்லும்போது முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' வருதல் இயலாது. வரின் கடவுளும் பாவத்தில் பங்குடையவராவார். ஆனால் 1 யோவான் 1:9இல் திருமுகத்தின் ஆசிரியர் தம் வாசகரை உளப்படுத்தி எழுதுவதால் 'நம்முடைய' என்பதே பொருந்தும். அறிவுரை வேண்டுதலாக மாறும்போது மூலத்தில் மாறாத சொல், தமிழில் மாறியே தீரும். சபையின் ஒருமைப்பாட்டையும் கடவுளின் வேறுபாட்டையும் தமிழ் இலக்கணமே இவ்வாறு உணர்த்துகிறது.

7. ஒப்புரவு

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்திற்குப்பின், 1973இல் கத்தோலிக்கத் திருச்சபை இச்சடங்கின் முறைமையைப் புதுக்கியது. தமிழில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. திருக்குறளில் ஓர் அதிகாரத் தலைப்பிற் காணப்படும் 'ஒப்புரவு', அங்கு உலகத்தோடு பொருந்தி உதவி வாழ்தலைக் குறிக்கும். 1871ஆம் ஆண்டு விவிலியம் கடவுளோடு உறவு புதுப்பித்தலுக்கு (2 கொரிந்தியர் 5:20) இதனை ஆண்டிருந்தது. இப்பெயரில் எடுத்துரைத்தலும் வருந்துதலும் பின்னிற்க, உறவைப் புதுப்பித்தல் முன்னிற்கிறது.

8. முடிவுரை

மேற்கண்ட சொற்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று வைக்கத்தக்க ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்பவர் எதைச் சொல்வது என்று எண்ணுவார். மனந்திரும்ப அழைக்கப்பட்டவர் எப்பக்கம் செல்வது என்று எண்ணுவார். ஒப்புரவை நாடுபவர் யாரோடு என்று வினவுவார். எனவே பழைய வேண்டுதல் நூல்களைப் பதிப்பிப்போரும் பெயர்ப்போரும் சொல்லின் மரபை முதலில் அறிதல் வேண்டும். 'உத்தம மனஸ்தாபம்' என்பதை இன்றைய பொருளில் வாசிக்கும் இளைஞர் அங்கு ஒரு பிணக்கைக் காண்பார். அதனை மனப்பாடமாக ஓதிய முதியவரோ தம் வாழ்நாளின் கண்ணீரைக் காண்பார். இவ்விருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளச் செய்வதே மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.